இடைநிலையும் நடுநிலையும்: இலங்கையின் இருகட்சிப் போட்டியில் மிதவாத வாக்காளர்

இருகட்சி முறையில் வெற்றியை விரும்பும் கட்சி நடுவில் நிற்கும் வாக்காளரைத் தேடிச் செல்லும் என்பது அரசியல் அறிவியலில் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். ஒரே தெருவில் கடை வைக்கும் வணிகர் இருவர், கூடுதலான வாடிக்கையாளரைப் பெறும் பொருட்டு ஒருவரையொருவர் நெருங்கி, ஈற்றில் தெருவின் நடுப்பகுதியில் அருகருகே வந்து அமர்வர் என்று 1929இல் ஹரோல்ட் ஹொட்டெலிங் காட்டினார். அன்தனி டவுன்ஸ் 1957இல் வெளியிட்ட நூலில் அந்த எடுத்துக்காட்டைத் தேர்தலுக்குப் பொருத்தினார். வாக்காளர் அனைவரையும் அவரவர் கருத்துக்கேற்ப ஒரு கோட்டில் நிறுத்தினால், சரிபாதியில் நிற்பவரின் வாக்கை வெல்பவரே ஆட்சியை வெல்வார். ஆகவே இரு கட்சிகளும் அவரை நோக்கியே நகரும். இதற்கு டவுன்ஸ் ஒரு நிபந்தனையும் வைத்தார். வாக்காளரில் பெரும்பாலோர் நடுவில் திரண்டிருத்தல் வேண்டும். அவர்கள் இரு முனைகளிலும் திரண்டு நின்றால் கட்சிகளும் விலகியே நிற்கும். ஆட்சி மாறுந்தோறும் நாடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளப்படும்.

அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில், அதை அறியாமலே, இலங்கை அக்கோட்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. 1957 ஜூலை 26ஆம் நாள் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் இலங்கைத் தமிழரசுக் கட்சித் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். தமிழைத் தேசிய சிறுபான்மையினரின் மொழியாக ஏற்றல், வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிருவாகத்தைத் தமிழில் நடத்தல், வேளாண்மை, கல்வி, காணிக் குடியேற்றம் முதலிய துறைகளில் பிரதேச சபைகளுக்கு அதிகாரம் வழங்கல் ஆகியன அதன் சாரம். சிங்களம் மட்டும் என்ற முழக்கத்தோடு வந்தவர் ஒருபடி இறங்கினார். கூட்டாட்சி கோரியவர் தாம் அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டு ஒருபடி இறங்கினார். இருவரும் நடுவை நோக்கி வந்தபோது எதிர்க்கட்சியும் அங்கு வரும் என்பதே கோட்பாட்டின் எதிர்பார்ப்பு. நிகழ்ந்தது வேறு. ஒக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தன உடன்படிக்கையை எதிர்த்துக் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். அந்த யாத்திரை இம்புல்கொடவில் தடுக்கப்பட்டது. அது எழுப்பிய கேள்வியோ தடுக்கப்படவில்லை. 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்திருக்க, உடன்படிக்கை கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரம் மூண்டது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் டவுன்ஸின் இரண்டாம் நிலையைச் சார்ந்தது: இலங்கை இரு முனைகளில் திரண்ட சமூகம், அதனால் அங்கு நடுப்பகுதி இல்லை. இவ்விளக்கம் எளிமையானது, ஆனால் உண்மைகளோடு பொருந்தாதது. இரு முனைகளில் திரண்டிருந்தால் ஆட்சிக்குப் போட்டியிட்ட இரு பெருங்கட்சிகளும் முனைக்கொன்றாக நின்றிருக்க வேண்டும். ஐக்கிய தேசியக் கட்சியும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் அவ்வாறு நிற்கவில்லை. மொழிச்சிக்கலில் அவை மிக நெருக்கமாகவே நின்றன. ஹொட்டெலிங்கின் வணிகரைப் போல அருகருகே வந்து அமர்ந்தன. கோட்பாடு இலங்கையில் பொய்க்கவில்லை, மெய்யாகவே பலித்தது. பலித்த இடந்தான் எது என்பதே ஆராயத்தக்கது.

இரு சொற்கள்

தமிழில் இவ்வாய்வுக்கு உதவும் ஒரு வேறுபாடு இயல்பாகவே உள்ளது. இடைநிலை என்பது ஓர் இடம். எண்ணப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைச் சுட்டினால் அது கிடைத்துவிடும். நடுநிலை என்பதோ ஒரு குணம். திருக்குறளில் நடுவு நிலைமை ஓர் அதிகாரத்தின் பெயராகவே அமைந்திருப்பதால், தமிழ் வாசகருக்கு அச்சொல் கேட்டவுடன் துலாக்கோலின் நினைவு வரும். அரசியல் அறிவியலின் தேற்றம் பேசுவது இடைநிலை வாக்காளரைப் பற்றியே. அவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. வரிசையில் நிறுத்தப்படுபவர் யார், விலக்கப்படுபவர் யார் என்பது மாறினால் இடைநிலையும் நகரும். அந்நகர்வில் எவருடைய மனமும் மாறியிருக்க வேண்டியதில்லை. இக்கட்டுரையில் மிதவாத வாக்காளர் என்பது மொழியிலும் அதிகாரப் பகிர்விலும் ஓர் இணக்கத்தை ஏற்றுக்கொள்ளக்கூடிய வாக்காளரைக் குறிக்கும், அவர் சிங்களவராயினும் தமிழராயினும்.

எண்ணப்பட்டவரும் விலக்கப்பட்டவரும்

இடைநிலை முதலில் நகர்ந்தது 1956இல் அன்று, 1948இல். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7.8 இலட்சம் பேர் இலங்கையில் வாழ்ந்தனர். 1947 பொதுத்தேர்தலில் அவர்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்குக் கைகொடுத்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952இல் அவர்கள் தம் சார்பில் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை.

இங்கு அதிகம் பேசப்படாத ஒரு நுட்பம் உண்டு. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 75,000 பேருக்கு ஓர் இடம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் இடம் என்ற கணக்கில் 95 இடங்களுக்குத் தொகுதிகள் வகுக்கப்பட்டன. எண்ணப்பட்டவர் குடியிருப்போர், வாக்காளர் அல்லர். ஆகவே தோட்டத் தொழிலாளரின் தலைகளையும் சேர்த்து எண்ணி அமைக்கப்பட்ட மலைநாட்டுத் தொகுதிகள் அப்படியே இருக்க, அவர்களுடைய வாக்கு மட்டும் நீங்கியது. 1952, 1956 ஆகிய இரு தேர்தல்களும் அத்தொகுதிகளிலேயே நடந்தன. தொழிலாளர் விட்டுச்சென்ற எடை, அதே தொகுதிகளில் வாழ்ந்த கண்டிச் சிங்களக் கிராமத்து வாக்காளரிடம் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளாமலே நாட்டின் தேர்தல் இடைநிலை இடம்பெயர்ந்தது.

இச்சட்டங்களைக் கொண்டுவந்த அரசில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அமைச்சராகச் சேர்ந்தார். அக்கட்சி உடைந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. எனினும் 1952 தேர்தலில் புதிய கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வாக்காளர் அப்போது கூட்டாட்சியைக் கேட்கவில்லை என்பதை இவ்வெண் காட்டும்.

இரு கடைகள்

சுதந்திரக் கட்சி 1951இல் தொடங்கப்பட்டபோது அதன் முதற்கொள்கை அறிக்கை சிங்களத்தையும் தமிழையும் ஆட்சிமொழிகளாக்க வேண்டும் என்றது. ஐக்கிய தேசியக் கட்சியின் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல 1954இல் யாழ்ப்பாணம் சென்று இரு மொழிகளுக்கும் சம உரிமை என்று உறுதி கூறினார். ஆக, 1954இல் இரு கட்சிகளும் ஓரிடத்தில் நின்றன. 1955 டிசம்பரில் சுதந்திரக் கட்சி சிங்களம் மட்டும் என்ற நிலைக்குச் சென்றது. 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடும் அதே தீர்மானத்தை நிறைவேற்றியது. இடைவெளி இரண்டு மாதங்களே. இரு கட்சிகளும் மீண்டும் ஓரிடத்தில் நின்றன. ஆனால் அவ்விடம் வேறு.

பிந்தி வந்தவருக்குப் பயன் கிட்டவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 8 இடங்களாகச் சுருங்கியது. பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி, வடக்கிலிருந்து ஓர் உறுப்பினரும் இன்றியே 51 இடங்களோடு ஆட்சியமைத்தது. தமிழரசுக் கட்சி இரண்டிலிருந்து பத்தாக உயர்ந்தது. சிங்களம் மட்டும் சட்டத்தை லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்டுக் கட்சியும் எதிர்த்து வாக்களித்தமை அக்காலத்தில் தெற்கிலும் மாற்றுக்குரல் இருந்ததற்குச் சான்று. அக்குரலுக்கு என்ன நேர்ந்தது என்பது பின்னர் வரும்.

தமிழர் வாக்கு ஒரு தனிக்கட்சிக்குச் செல்லும் என்பது உறுதியானவுடன், இரு பெருங்கட்சிகளும் அவ்வாக்கைத் தம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டன. எஞ்சிய கோட்டின் நடுவே நின்றவர் சிங்கள வாக்காளரின் இடைநிலையாளர். தேற்றம் சொன்னபடியே இரு கட்சிகளும் அவரை நோக்கிச் சென்றன. தெருவின் ஒரு பகுதியை முதலிலேயே அடைத்துவிட்டு, வணிகர் நடுவில்தான் நிற்கின்றனர் என்று மகிழ்வதைப் போன்றது இது.

கையெழுத்திட்டவரும் எதிர்த்தவரும்

1957இல் ஒப்பமிட்டது சுதந்திரக் கட்சி. எதிர்த்தது ஐக்கிய தேசியக் கட்சி. 1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15 இடங்கள் கிடைத்தன. டட்லி சேனநாயக்கவின் சிறுபான்மை அரசு ஏப்ரலில் கவிழ்ந்தது. ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மையான பரப்புரை, சுதந்திரக் கட்சி தமிழரசுக் கட்சியுடன் இரகசிய உடன்பாடு செய்துள்ளது என்பதே. சுதந்திரக் கட்சி 75 இடங்களை வென்றது. தமிழரசின் துணை தேவையற்றதாயிற்று. நிருவாகம் முழுவதையும் சிங்களமயமாக்கும் பணி 1961இல் தொடங்கியது.

1965இல் நடிகர் மாறினர், நாடகம் மாறவில்லை. மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். தமிழரசுக் கட்சி அரசில் பங்கேற்றது. 1966 ஜனவரி 8ஆம் நாள் தமிழ்மொழி விதிகள் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது கொழும்பில் சுதந்திரக் கட்சி தலைமையில் கண்டன ஊர்வலம் நடந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பிக்கு ஒருவர் உயிரிழந்தார். பத்தாண்டுகளுக்கு முன் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து நின்ற இரு இடதுசாரிக் கட்சிகளும் இம்முறை எதிர்ப்பாளரின் பக்கம் நின்றன. டட்லியின் வயிற்றில் மசாலா வடை இருக்கிறது என்ற எள்ளல் முழக்கம் அக்காலத்தது. இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றில் இதைவிடத் தாழ்ந்த ஒரு நாளைக் காட்டுவது அரிது. 1964இல் சுதந்திரக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்தபின் சமசமாஜக் கட்சிக்கும் அதே இடைநிலை வாக்காளர் தேவைப்பட்டார் என்பதே இதன் விளக்கம். மாவட்ட சபைகள் பற்றிய வெள்ளை அறிக்கை 1968இல் கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சி அரசிலிருந்து விலகியது.

இணக்கத்தை எதிர்ப்பது எதிர்க்கட்சிக்கு ஏன் இவ்வளவு இலாபமாக இருந்தது? விடை தேர்தல் முறையில் உள்ளது. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்கு ஏறத்தாழ 38 விழுக்காடு. சுதந்திரக் கட்சி பெற்றது ஏறத்தாழ 37 விழுக்காடு. இடங்களோ முன்னதற்கு 17, பின்னதற்கு 91. சுதந்திரக் கட்சி தன் கூட்டாளிகளுக்குத் தொகுதிகளை விட்டுக்கொடுத்ததால் அதன் வாக்கு விழுக்காடு குறைந்து தோன்றும் என்பதைக் கருத்திற் கொண்டாலும், வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள இப்பிளவு திகைப்பூட்டுவது. 1977இல் 51 விழுக்காட்டுக்கு 168இல் 140 இடங்கள், அதாவது ஆறில் ஐந்து பங்கு கிடைத்தது. தொகுதிக்குச் சில நூறு வாக்குகள் புரண்டால் ஆட்சி புரளும் ஒரு முறையில், அச்சில நூறு பேரை அச்சுறுத்தக்கூடிய எந்தச் சிக்கலையும் எதிர்க்கட்சி விட்டுவைக்காது. அவர்கள் இணக்கத்தை வெறுப்பவர்களாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஐயுறுபவர்களாக இருந்தால் போதும்.

மேலும், வாக்காளர் ஒவ்வொரு சிக்கலுக்கும் தனித்தனியே வாக்களிப்பதில்லை. 1970 தேர்தலைத் தீர்மானித்தவற்றுள் அரிசி முதன்மையானது. டட்லி அரசு 1966 இறுதியில் வாராந்தப் பங்கீட்டை இரு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்து அதை இலவசமாக்கியது. எதிரணி இரண்டாம் கொத்தை மீண்டும் தருவதாக வாக்களித்தது. இரண்டாம் கொத்துக்காக வாக்களித்த குடும்பங்களின் வாக்கே 1972 மே 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்புக்கும் ஆணையாகக் கொள்ளப்பட்டது. சிங்களத்தை ஆட்சிமொழியாக அரசியலமைப்பிலேயே நிறுவி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்து, சோல்பரி அரசியலமைப்பின் சிறுபான்மையோர் பாதுகாப்பு விதியை நீக்கியது அந்த ஆவணம். மாத்தறையிலோ குருநாகலிலோ இரண்டாம் கொத்துக்கு வாக்களித்த ஒருவர் மொழிச்சிக்கலில் மிதவாதியாக இருந்திருப்பின், அதை வாக்குச்சீட்டில் எழுத அவருக்கு இடமிருக்கவில்லை. இரு கட்சிகளும் ஒரே நிலையில் நின்றமையால், எதைத் தேர்ந்தாலும் அந்நிலையே கிடைத்தது.

1970இல் ஊர்காவற்றுறை

மிதவாத வாக்காளர் தமிழரிடையே இருந்தனரா என்ற கேள்விக்கு 1970 தேர்தல் தெளிவான விடை தருகிறது. தமிழரசுக் கட்சியின் ஊர்காவற்றுறை உறுப்பினராக இருந்த வி. நவரத்தினம் அக்கட்சியைவிட்டு நீங்கித் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்துத் தம் சொந்தத் தொகுதியிலேயே போட்டியிட்டுத் தோற்றார். அதே தேர்தலில் தமிழரசுக் கட்சியின் முன்னணித் தலைவர் அ. அமிர்தலிங்கமும் வட்டுக்கோட்டையில் தோற்றார். இரண்டு ஒப்பந்தங்கள் முறிந்த பின்னும், ஒரு கலவரத்தைக் கண்ட பின்னும், வடக்கின் வாக்காளர் பிரிவினையை ஏற்கவில்லை. கூட்டாட்சி பேசியவர்களையும் முழுமனத்தோடு ஏற்கவில்லை.

ஏழு ஆண்டுகளில் இது தலைகீழாயிற்று. 1972 அரசியலமைப்பு, பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், செல்வநாயகம் 1972இல் துறந்த காங்கேசன்துறைத் தொகுதிக்கு 1975 பெப்ரவரிவரை இடைத்தேர்தல் நடத்தப்படாமை ஆகியன இடையில் நிகழ்ந்தவை. 1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. 1970இல் நவரத்தினத்தைத் தோற்கடித்த அதே வாக்காளரே பெரும்பாலும் 1977இல் தனிநாட்டுக் கோரிக்கைக்கு வாக்களித்தனர். இவர்களைத் தீவிரவாதிகள் என்று 1977ஐ மட்டும் வைத்துச் சொல்வோர் 1970ஐ மறக்கின்றனர்.

தமிழ்த் தலைமையின் பங்கையும் மறைத்தல் ஆகாது. காங்கிரசைத் தமிழரசு விஞ்சியது. தமிழரசைச் சுயாட்சிக் கழகம் விஞ்ச முயன்றது. கூட்டணியை இளைஞர் இயக்கங்கள் விஞ்சின, அதுவும் வாக்குச்சீட்டால் அன்று. இருபுறமும் ஒரே பொறிமுறை இயங்கியது. வேறுபாடு ஒன்றே: தெற்கில் விஞ்சியவர் அரசை வென்றார்.

மூன்றில் இரு பங்கு

1978 அரசியலமைப்பு இப்பொறிமுறையை மாற்றக்கூடிய இரு கூறுகளைக் கொண்டிருந்தது. ஒன்று விகிதாசாரப் பிரதிநிதித்துவம். மற்றொன்று ஜனாதிபதித் தேர்தல்: நாடு முழுவதும் ஒரே தொகுதி, பாதிக்கு மேற்பட்ட வாக்கு வேண்டும், வாக்காளர் இரண்டாம், மூன்றாம் விருப்பையும் குறிக்கலாம். விலக்கப்பட்டிருந்த தமிழ், முஸ்லிம் வாக்குகள் மீண்டும் ஒரே கோட்டில் சேர்க்கப்பட்டன. இதனால் வேட்பாளர் மிதமடைவர் என்று டொனால்ட் ஹொரோவிட்ஸ் போன்ற அறிஞர் எதிர்பார்த்தனர்.

அவ்வெதிர்பார்ப்பு சில வேளைகளில் நிறைவேறியது. 1994இல் சமாதானத்தை முன்னிறுத்திய சந்திரிகா குமாரதுங்க 62 விழுக்காடு பெற்றார். எதிர்த்தரப்பு வேட்பாளர் தேர்தலுக்கு இரு வாரங்களுக்கு முன் கொலையுண்டமையால் இவ்வெண் முழுவதையும் சமாதான வாக்காகக் கொள்ள இயலாது. எனினும் சமாதானம் பேசுவது தெற்கில் தோல்விக்கு வழி என்ற எண்ணத்தை அது பொய்யாக்கியது. 2015இல் மைத்திரிபால சிறிசேனவின் வெற்றியில் வடக்கு கிழக்கின் வாக்குகள் தீர்மானகரமாக இருந்தன.

ஆயினும் பழைய வழக்கம் புதிய சட்டத்துக்குள்ளும் புகுந்துகொண்டது. 2000 ஆகஸ்டில் சந்திரிகா அரசு கொண்டுவந்த அதிகாரப் பகிர்வு வரைவின் பிரதிகளை ஐக்கிய தேசியக் கட்சியினர் நாடாளுமன்றத்துக்குள்ளேயே எரித்தனர். 2002இல் ரணில் விக்கிரமசிங்க போர்நிறுத்த உடன்படிக்கை செய்தபோது, 2003 நவம்பரில் சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 2005இல் வடக்கில் புலிகள் சுமத்திய புறக்கணிப்பால் தமிழ் வாக்கு மீண்டும் கோட்டிலிருந்து அகன்றது; வெற்றி இடைவெளி இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. விலக்கியவர் இம்முறை தமிழரே என்பதில் ஒரு கசப்பான முரண் உண்டு.

சட்டத்தின் பலவீனம் எளிய கணக்கில் உள்ளது. 2012 மதிப்பீட்டின்படி மக்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் சிங்களவர். அவர்களில் மூன்றில் இரு பங்கினரைத் திரட்டிவிட்டால் வேறெவர் வாக்கும் தேவையில்லை. சிங்கள வாக்கு இரண்டாகப் பிரியும் காலத்தில் மட்டுமே சிறுபான்மையோரின் வாக்குக்கு மதிப்பு உண்டாகும். ஆகவே அதைப் பிரியவிடாமல் ஒன்றுதிரட்டுவதே மிதவாதத்தைத் தவிர்க்கும் வழி. 2019இல் கோட்டாபய ராஜபக்ச 52 விழுக்காடு பெற்றது இவ்வழியிலேயே. அனுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்கால் மட்டுமே வெல்ல முடியும் என்பதைத் தாம் அறிந்திருந்ததாக அவர் வெளிப்படையாகவே கூறினார்.

விருப்பு வாக்குகள் 2024வரை ஒருமுறையும் எண்ணப்படவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் முதற்கணக்கிலேயே ஒருவர் பாதியைக் கடந்துவிட்டார். 2024 செப்டம்பரில் அநுரகுமார திசாநாயக்க 42.31 விழுக்காட்டோடு முன்னணியில் நிற்க, முதன்முறையாக இரண்டாம் விருப்புகளை எண்ண வேண்டியதாயிற்று. போட்டியிலிருந்து நீக்கப்பட்ட வேட்பாளரின் வாக்குச்சீட்டுகளுள் ஒரு சிறு பகுதியிலேயே முன்னணி இருவரில் ஒருவருக்கு விருப்புக் குறிக்கப்பட்டிருந்தது. மிதவாத வாக்காளர் தம் முதல் தெரிவை இழக்காமல் தம் இணக்கத்தைத் தெரிவிக்கச் சட்டத்தில் இருந்த ஒரே வழியை, நாற்பத்தாறு ஆண்டுகளாக எந்தப் பெருங்கட்சியும் வாக்காளருக்கு முனைந்து கற்பிக்கவில்லை. தம் வாக்காளர் மற்றவருக்கும் ஒரு விருப்பைக் குறிக்கக்கூடும் என்பதை நினைவூட்ட எக்கட்சிக்குத்தான் மனம் வரும்?

அவ்வாண்டு நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில், சுதந்திரத்துக்குப்பின் மாறி மாறி ஆண்ட இரு மரபுகளும் ஒதுக்கப்பட்டன. தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றையும் வென்றது. அதன் தலைமைக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணியே 1987இல் மாகாண சபைகளை ஆயுதமேந்தி எதிர்த்தது; வடக்கு கிழக்கு இணைப்பைச் செல்லாதென 2006இல் உயர்நீதிமன்றம் தீர்த்த வழக்கின் பின்னணியில் நின்றதும் அக்கட்சியே. அந்த வரலாற்றை அறிந்தே யாழ்ப்பாணத்து வாக்காளர் அதற்கு வாக்களித்தனர். தேர்தல் நடந்தபோது மாகாண சபைகள் அனைத்தும் பதவிக்காலம் முடிந்து ஐந்தாண்டுகளுக்கு மேலாக உறுப்பினரின்றி இருந்தன.